பட்டாளத்து வாழ்க்கையைக் காட்டும் ஆவணப்படங்கள்: எதைப் பார்ப்பது, எவ்வளவு நம்புவது?

ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார், இப்போது காஷ்மீரில் போஸ்டிங். லீவில் வந்தால் வயல், கல்யாணம், கேண்டீன் சாமான் என்று எல்லாம் பேசுகிறாராம், அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லையாம். களத்தில் இருக்கும் சிப்பாய்களின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் போர் ஆவணப்படங்கள் எவை, அவற்றில் வருவது நிஜமா, அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்பது கேள்வி.

நேராகச் சொல்லிவிடுகிறேன் தம்பி. இந்தியச் சிப்பாய் ஒருவர் எல்லைப் போஸ்ட்டில் எப்படி வாழ்கிறார் என்பதை யாருடைய கத்தரியும் படாமல் காட்டும் படம் கிடைப்பது மிக அரிது. கிடைப்பவற்றில் நல்லவை பெரும்பாலும் வியட்நாம், இராக், ஆப்கானிஸ்தான், இப்போது உக்ரைன் என்று மற்ற நாட்டு வீரர்களோடு தங்கி எடுத்தவை. நாடு வேறு, சம்பளம் வேறு, சாப்பாடு வேறு. ஆனால் மலைமேல் ஒரு சின்ன முகாமில் இருபது ஆண்கள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தால் அவர்களுக்குள் என்ன நடக்கும் என்பது நாட்டுக்கு நாடு அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் பார்க்கலாம், பார்த்தால் உங்கள் அண்ணனைக் கொஞ்சம் கூடுதலாகப் புரியும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிச் சூடு எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள். சூடு இல்லாத நேரத்தில் காமிரா எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கவனியுங்கள். பிரச்சாரப் படத்துக்கும் நல்ல படத்துக்கும் வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது ரெஸ்ட்ரெப்போ, 2010இல் வந்தது. செபாஸ்டியன் யுங்கர் என்ற பத்திரிகையாளரும் டிம் ஹெதரிங்டன் என்ற புகைப்படக்காரரும் சேர்ந்து எடுத்தார்கள். ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில் கொரெங்கல் என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே 2007, 2008இல் அமெரிக்காவின் 173ஆவது வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு கம்பெனி, அதாவது ஒரு படை அணி, 15 மாதம் இருந்தது. அந்த 15 மாதத்தில் இவர்கள் இருவரும் மாறி மாறிப் போய் வீரர்களோடு தங்கிப் படம் பிடித்தார்கள். மலைமேல் 15, 20 பேர் இருக்கும் ஒரு போஸ்ட்டை அந்த வீரர்களே கட்டுகிறார்கள். டெப்ளாய்மென்ட், அதாவது களத்துப் பணிக்காலம், தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இறந்துபோன ரெஸ்ட்ரெப்போ என்ற மருத்துவ உதவியாளரின் பெயரை அந்த இடத்துக்கு வைக்கிறார்கள், படத்துக்கும் அதுதான் பெயர்.

பின்னணிக் குரல் கிடையாது. எந்த அரசியல்வாதியும் தளபதியும் வந்து போரைப் பற்றி விளக்குவதில்லை. அங்கே எடுத்த காட்சிகள், அப்புறம் டெப்ளாய்மென்ட் முடிந்து இத்தாலியில் இருக்கும் தங்கள் தளத்துக்குத் திரும்பிய பிறகு அதே வீரர்களின் முகத்தை மிக அருகில் வைத்து எடுத்த பேட்டிகள், அவ்வளவுதான் படம். அந்தப் பேட்டிகளில் பேச ஆரம்பித்து வார்த்தை வராமல் நின்றுவிடும் இடங்கள் உண்டு. ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பிப்பார், சிரிப்பு மாறாமலே கண் மட்டும் வேறெங்கோ போய்விடும். உங்கள் அண்ணன் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டீர்கள் அல்லவா, அந்த முகங்களைப் பாருங்கள்.

போஸ்ட் கட்டும் காட்சிகளைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பாறையைக் கொத்தி, மண்ணை அள்ளி, மூட்டை பிடித்து அடுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி கரை உடையப் போகிறது என்றால் ஊரே திரண்டு ராத்திரி பகலாக மணல் மூட்டை அடுக்குமே, அதே வேகம்தான், ஆனால் அடுக்கும்போது எதிர் மலையிலிருந்து ஒருவன் சுட்டுக்கொண்டும் இருக்கிறான். சிப்பாய் வேலையில் பெரும்பகுதி இதுதான்: தோண்டுவது, சுமப்பது, காவல் நிற்பது, துப்பாக்கி துடைப்பது, மறுபடியும் காவல் நிற்பது. தஞ்சாவூரில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து அவ்வப்போது படம் போட்டுப் பார்ப்போம். இதைப் போட்டபோது பட்டுக்கோட்டைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வந்திருந்தார். சண்டைக் காட்சிகளுக்கு அவர் அசையவே இல்லை. சுவரைக் காட்டியபோது மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "மூட்டைய தலைப்பு மாத்தி மாத்தி அடுக்கணும், இப்படி வெச்சா மழைக்கு சாஞ்சுடும்" என்றார். படம் முடிந்த பிறகு அவரிடம் நிறையப் பேர், அவர் இருந்த சியாச்சின் பனிமலை எல்லை பற்றிக் கேட்டார்கள். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பின் கரி மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போய் வாரக்கணக்கில் கறுப்பாகத் துப்பியதையும், ஈரமான சாக்ஸை ராத்திரி வயிற்றோடு வைத்துக் காயவைத்ததையும் சொன்னார். ஒரு நல்ல ஆவணப்படம் பிடிக்க வேண்டியது இதைத்தான்.

அதே படத்தில் ஒரு மாடு வருகிறது. நம் பக்கத்து ஆட்கள் அந்த இடத்தில் கட்டாயம் நிமிர்ந்து உட்காருவார்கள். ஊர்க்காரர் ஒருவரின் மாடு முகாமைச் சுற்றியிருக்கும் முள்கம்பிச் சுருளில் சிக்கிக்கொள்கிறது. வீரர்கள் அதைக் கொன்று, சமைத்துச் சாப்பிட்டும் விடுகிறார்கள். டப்பா சாப்பாட்டுக்கு நடுவில் அன்றைக்கு அவர்களுக்கு விருந்து. அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் மலையேறி வந்து மாட்டுக்குப் பணம் கேட்கிறார்கள். பணம் தர முடியாது, மாட்டின் எடைக்கு எடை அரிசி, பீன்ஸ், சர்க்கரை தருகிறோம் என்று பதில் வருகிறது. பெரியவர்களின் முகத்தைப் பாருங்கள். மாடு என்பது எடை இல்லை என்று அந்தச் சிப்பாய்களுக்குத் தெரியவில்லை. கன்றுக்காக ஒரு தாய்ப்பசு மணியடித்து ராஜாவிடமே நியாயம் வாங்கியது என்று திருவாரூரில் தேர் செதுக்கி வைத்திருக்கிற ஊர் நம்முடையது, நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டாம். ஒரு கிராமத்தின் நடுவில் அந்நியப் படை வந்து உட்கார்ந்தால் இரண்டு தரப்புக்கும் என்ன ஆகும் என்பது அந்தச் சில நிமிஷத்தில் முழுசாக இருக்கிறது. படம் எடுத்தவர்கள் அதை வெட்டாமல் வைத்தார்களே, அதற்காகவே அவர்களை மதிக்கிறேன்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். காமிரா கடைசிவரை வீரர்கள் பக்கத்திலேயே நிற்கிறது. கிராமத்து ஆட்கள் வந்துபோகிறவர்களாகவே இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. படைவீரர்களோடு தங்கிச் சாப்பிட்டு, அவர்கள் காப்பாற்றினால்தான் உயிர் என்ற நிலையில் எடுக்கும் எந்தப் படத்துக்கும் இந்த எல்லை உண்டு. நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் படையே அங்கிருந்து கிளம்பிவிட்டது. ஹெதரிங்டன் அடுத்த வருஷம், 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் படம் எடுக்கும்போது குண்டடிபட்டு இறந்தார். மிச்சமிருந்த காட்சிகளைக் கொண்டு யுங்கர் 2014இல் கொரெங்கல் என்று இன்னொரு படம் செய்தார். முதல் படம் பிடித்திருந்தால் அதையும் பாருங்கள், பேட்டிகள் அதில் இன்னும் விரிவாக இருக்கும்.

இரண்டாவது ஆர்மடில்லோ. இதுவும் 2010, டென்மார்க்கின் யானஸ் மெட்ஸ் எடுத்தது. தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் டான்ஸ்பர்க் கோட்டையை 1620இல் கட்டினார்களே, அதே டேனிஷ்காரர்களின் நாடுதான். அந்தக் காலத்தில் கப்பலில் இங்கே வந்த நாடு, இந்தக் காலத்தில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டுக்குச் சிப்பாய்களை அனுப்பியது. இருபது வயது சொச்சம் உள்ள பையன்கள் ஆறு மாதத்துக்குப் போகிறார்கள். விமான நிலையத்தில் அம்மாக்கள் அழுகிறார்கள். போய் இறங்கிய பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமே நடப்பதில்லை. வீடியோ கேம், பைக் ஓட்டுவது, வீட்டுக்கு ஃபோன், ரோந்து, திரும்பி வருவது. எதுவும் நடக்கவில்லையே என்று அந்தப் பையன்களுக்கே எரிச்சல் வருகிறது. சண்டைக்கு ஏங்க ஆரம்பிக்கிறார்கள். அந்த ஏக்கம் எப்படி முளைக்கிறது என்பதை இந்த அளவு பொறுமையாகக் காட்டிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியில் சண்டை வருகிறது. ஒரு வாய்க்கால் பள்ளத்தில் கிடந்த தாலிபான்காரர்களை வீரர்கள் கொன்ற விதம், அதற்குப் பிறகு முகாமில் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளும் விதம், இரண்டும் படத்தில் இருக்கின்றன. காயம்பட்டுக் கிடந்தவர்களைச் சுட்டார்களா என்ற கேள்வி டென்மார்க்கில் பெரிய விவாதம் ஆகி விசாரணை வரைக்கும் போயிற்று. யார்மீதும் குற்றம் இல்லை என்று விசாரணை முடிந்தது. கேன்ஸ் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் இந்தப் படத்துக்குத்தான் அந்த வருஷம் முதல் பரிசு. ராணுவம் அனுமதி கொடுத்து எடுக்கவைத்த படமே ராணுவத்தை விசாரணைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது என்பது சாதாரண விஷயம் இல்லை.

இதிலும் விவசாயிகள் வருகிறார்கள். பயிர் நாசமாகிவிட்டது, மாடு செத்துவிட்டது, நீங்களும் சுடுகிறீர்கள் அவர்களும் சுடுகிறார்கள், நடுவில் நாங்கள்தான் சாகிறோம் என்கிற தொனியில் அவர்கள் பேசுவதைக் கேட்டால் நம் ஊர் விவசாயி தாலுகா ஆபீஸ் வாசலில் நிவாரணத்துக்கு நின்று பேசுவது காதில் விழும். ஒரு எச்சரிக்கை: படத்தின் நிறமும் இசையும் வெட்டும் வேகமும் சினிமாவைப் போல இருக்கும். எடுத்தது நிஜம், ஆனால் எந்த இடத்தில் இசை ஏறுகிறது என்பது எடிட்டரின் முடிவு. இசை ஏறும் இடங்களில் ஒலியைக் குறைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

பழையதில் ஒன்று சொல்லச் சொன்னால் ஆண்டர்சன் பிளாட்டூன் என்பேன். பியேர் ஷோன்டோர்ஃபர் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்தது, 1967. இவர் பிரெஞ்சு ராணுவத்திலேயே காமிராக்காரராக இருந்து, 1954இல் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றபோது சிறைபிடிக்கப்பட்டவர். 1966இல் அதே வியட்நாமுக்குத் திரும்பிப் போய், ஆண்டர்சன் என்ற கறுப்பின இளம் அதிகாரியின் கீழ் இருந்த 33 பேர் கொண்ட அமெரிக்க பிளாட்டூனோடு ஆறு வாரம் இருந்தார். மழையில் நனைந்துகொண்டே தூங்குவார்கள், கடிதம் படிப்பார்கள், ஒருவர் லீவில் சைகோன் போய் வருவார். ஒவ்வொரு வீரரையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி அறிமுகப்படுத்துவார். கொஞ்ச நேரம் கழித்து அதே பெயர்களில் ஒருவர் ஹெலிகாப்டருக்குத் தூக்கிச் செல்லப்படுவார். சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம். தானும் சிப்பாயாக இருந்த ஒருவர் எடுத்ததால், எதைப் பார்க்க வேண்டும் என்று காமிராவுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, இதெல்லாம் நிஜமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1916இல், முதல் உலகப் போரின் நடுவில், பிரான்சில் நடந்த சோம் சண்டையைப் பற்றி பிரிட்டன் ஒரு படம் வெளியிட்டது. ஆறே வாரத்தில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள். பெரும்பகுதி களத்தில் எடுத்ததுதான். ஆனால் பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறி ஓடுவதும் ஒருவர் சரிந்து விழுவதுமாக எல்லோருக்கும் நினைவில் நின்ற காட்சி, போர்முனைக்குப் பின்னால் பயிற்சி இடத்தில் நடிக்கவைத்து எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜான் ஹூஸ்டன் இத்தாலியின் சான் பியத்ரோ சண்டையைப் படமாக்கியபோதும் பல காட்சிகள் சண்டை முடிந்த பிறகு மறுபடி நடத்தி எடுத்தவையே. அதே ஹூஸ்டன் அடுத்ததாக, போரால் மனம் உடைந்து மருத்துவமனையில் கிடந்த வீரர்களை நடிப்பே இல்லாமல் உள்ளபடி எடுத்தார். லெட் தேர் பி லைட் என்ற அந்தப் படத்தை 1946இல் அமெரிக்க ராணுவமே தடுத்து நிறுத்தி, 1980 கடைசி வரைக்கும் பொதுமக்களுக்குக் காட்டவில்லை. நடிக்கவைத்து எடுத்தது தியேட்டருக்கு வந்தது, உள்ளபடி எடுத்தது 34 வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அனுமதி என்பது என்ன வேலை செய்கிறது என்று புரியும்.

அதனால் ஒரு படம் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது காமிரா யார் கையில், யார் அனுமதியில் இருக்கிறது என்பதைத்தான். வார் டேப்ஸ் என்று 2006இல் ஒரு படம், இராக் போன அமெரிக்க நேஷனல் கார்டு (பகுதிநேரப் படை) வீரர்களின் கையிலேயே காமிராவைக் கொடுத்து எடுத்தது. காம்பட் ஆப்ஸ்க்யூரா என்பது 2018. மைல்ஸ் லகோஸ் என்பவர் அமெரிக்க மரைன் படையின் அதிகாரபூர்வக் காமிராக்காரராக ஹெல்மண்டில் இருந்தவர். வெளியில் காட்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட காட்சிகளை வைத்தே பிற்பாடு இதைத் தொகுத்தார். அரசாங்கத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்த காட்சிகளில் இருந்த அதே பையன்கள்தான், ஆனால் இதில் கஞ்சா புகைக்கிறார்கள், ஊர்க்காரர்களைக் கண்டபடி நடத்துகிறார்கள், பயத்தில் உறைந்து நிற்கிறார்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது போட வேண்டாம்.

சிப்பாய்களே எடுக்கும் காட்சிகள் என்றதும் தமிழர்களாகிய நமக்கு வேறொன்று நினைவுக்கு வராமல் போகாது. 2011 ஜூனில் பிரிட்டனின் சேனல் 4 இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றி ஒளிபரப்பிய படத்தில் இருந்த மிகக் கொடிய காட்சிகள், வெற்றிபெற்ற தரப்புச் சிப்பாய்கள் தங்கள் கைப்பேசியில் தாங்களே எடுத்துவைத்தவை. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் அந்தப் போரிலிருந்து தப்பிப் படகில் வந்து இறங்கியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சிப்பாயின் காமிரா என்றால் அதில் சிப்பாயின் கஷ்டம் மட்டும்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சிப்பாய் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. ஆனால் காமிராவுக்கு வெளியே நிற்கும் ஊர் ஜனங்களை மறந்துவிட்டுச் சிப்பாயை மட்டும் பார்க்கும் படத்தை நான் முழுமையான படம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இங்கே நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1987 முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். மதராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் போயின. தமிழ் பேசும் சிப்பாய், தமிழ் பேசும் வீட்டின் கதவைத் தட்டிச் சோதனை போட்ட டெப்ளாய்மென்ட் அது. திரும்பி வந்தபோது சென்னையில் வரவேற்கக்கூட அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்று அவர் சொன்ன காரணமும் ஊருக்கே தெரியும். அந்த மூன்று வருஷ அன்றாடத்தை, இரு பக்கமும் நின்று, முகாமுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் போய்ச் சொல்லும் ஒரு பெரிய ஆவணப்படம் நமக்கு வேண்டும். போன வீரர்களில் பலருக்கு இப்போது அறுபது, எழுபது வயது. நம் டெல்டா ஊர்களில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, பம்புசெட் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மனது அடித்துக்கொள்கிறது, ஏனென்றால் இன்னும் பத்து வருஷம் போனால் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

நாம் பட்டாளத்தைப் பார்க்கும் விதமே சாவையும் சத்தத்தையும் ஒட்டியதாகப் போய்விட்டது. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானங்களின் ஸ்குவாட்ரன் வந்ததிலிருந்து நடவு வயலில் நிற்கிறவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். கார்கிலில் 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் உயிர்விட்ட மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் பூ வைக்கிறார்கள். சியாச்சினில் 2016 பிப்ரவரி 3ஆம் தேதி 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் போஸ்ட் மேல் பனி சரிந்து, 19ஆவது மதராஸ் பட்டாலியனின் பத்துப் பேர் புதைந்தார்கள், அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டியெடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவுக்காக நாடே டிவி முன்னால் உட்கார்ந்தது, 11ஆம் தேதி அவரும் போய்விட்டார். அந்தப் பத்துப் பேரும் பனிச்சரிவுக்கு முந்தின வாரம் என்ன சமைத்தார்கள், யார் யாருக்கு முடி வெட்டிவிட்டார்கள், சாட்டிலைட் ஃபோனில் எவ்வளவு நேரம் வீட்டோடு பேசக் கிடைத்தது என்று காட்டியிருந்தால் நமக்கு அவர்களைத் தெரிந்திருக்கும். சியாச்சினில் 2003 நவம்பரிலிருந்து சண்டை நிறுத்தம். அதற்கு முன்பும் பின்பும் குண்டைவிடக் குளிரும் உயரமும்தான் அங்கே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. சண்டையை மட்டும் தேடும் காமிராவுக்கு அங்கே படம் எடுக்க ஒன்றும் இருக்காது.

நம் சேனல்களில் வரும் ராணுவ நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ராணுவத்திடம் அனுமதி வாங்கி, அவர்கள் பார்வைக்கு அனுப்பி, அப்புறம் ஒளிபரப்பாகிறவை. அவற்றைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. உடை, உயரம், பயிற்சி, சாப்பாடு எல்லாம் தெரிந்துகொள்ளலாம். சலிப்பு, சண்டைசச்சரவு, பயம், மேலதிகாரி மேல் கோபம், இவையெல்லாம் அதில் இருக்காது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

முதல் உலகப் போருக்கும் நம் ஆட்கள் போனார்கள். திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் போனால் அந்தப் போருக்குப் போனவர்களின் நினைவுச் சின்னம் நிற்கும், வெங்காய லாரிக்கு நடுவில் யாரும் கவனிப்பதில்லை. இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போய், சுமார் 74,000 பேர் இறந்தார்கள். பீட்டர் ஜாக்சன் 2018இல் செய்த தே ஷால் நாட் க்ரோ ஓல்டு, அந்தப் போரின் பழைய படச்சுருள்களுக்கு வண்ணமும் வேகமும் சரிசெய்து, வயதான வீரர்களின் பழைய ஒலிப்பதிவுகளை மேலே ஓடவிட்ட படம். இயந்திரத் துப்பாக்கியைக் குளிர்விக்கும் வெந்நீரில் டீ போட்டது, பேன், கக்கூஸ், சேற்றில் ஊறி அழுகிய கால் எல்லாம் வரும். ஆனால் அது பிரிட்டன் பையன்களின் கதை. நம் பக்கத்துக்குக் குரல் வேண்டும் என்றால் ஹாஃப்மூன் ஃபைல்ஸ் என்ற 2007ஆம் வருஷ ஜெர்மன் படத்தைத் தேடுங்கள், பிலிப் ஷெஃப்னர் எடுத்தது. பெர்லின் பக்கத்தில் இருந்த கைதி முகாமில் இந்தியச் சிப்பாய்களின் குரலை ஜெர்மானியர்கள் இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். 1916 டிசம்பர் 11 அன்று மல் சிங் என்ற பஞ்சாபி வீரர் ஒலிப்பதிவுக் குழாயின் முன் நின்று, ஹிந்துஸ்தானில் வெண்ணெய் தின்று வாழ்ந்த ஒரு மனிதன் இந்தப் போருக்கு வந்து மாட்டிக்கொண்டான், அவன் ஊருக்குத் திரும்ப ஆசைப்படுகிறான் என்று தன்னைப் பற்றியே வேறொருவன் கதையைப் போலச் சொல்லியிருக்கிறார். ஒன்றரை நிமிஷம்கூட இருக்காது. இத்தனை படங்களிலும் என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் இடம் அதுதான்.

உக்ரைனில் எடுத்தவற்றில் 2025இல் வந்த 2000 மீட்டர்ஸ் டு ஆந்த்ரீவ்கா முக்கியமானது. இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய மரத்தோப்பு ஒன்றைத் தாண்டி ஒரு கிராமத்தை மீட்கப் போகும் பிளாட்டூனோடு ம்ஸ்திஸ்லாவ் செர்னோவ் போகிறார். ஹெல்மெட் காமிராக் காட்சிகள் நிறைய. இயக்குநரிடம் சிகரெட், குடும்பம் என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவர், சில மாதத்தில் இறந்துபோனார் என்று பின்னணியில் சொல்லும்போது காட்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மனது திடமாக இருக்கும் நாளில் பாருங்கள்.

இனி உங்கள் வீட்டு விஷயம். அண்ணன் பேசாததற்கு மனதின் பாரம் மட்டும் காரணம் இல்லை, விதியும் உண்டு. எங்கே இருக்கிறோம், எத்தனை பேர், அடுத்து எங்கே மூவ்மென்ட் என்பதெல்லாம் வீட்டிலும் சொல்லக்கூடாது. பழைய காலத்திலிருந்தே பட்டாளத்து முகவரியில் ஊர் பெயரே இருக்காது, யூனிட் பெயரும் கேர் ஆஃப் 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலைய எண்ணும்தான். 2020இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டதும் இதற்காகத்தான். ஆகவே இடத்தையும் ஆபரேஷனையும் கேட்காதீர்கள். அவர் சொல்லக்கூடியதைக் கேளுங்கள்: பக்கத்துக் கட்டில் யாருடையது, லங்கரில் (பட்டாளத்துச் சமையல்கூடத்தில்) ரொட்டி சலித்துப்போனால் சோற்றுக்கு என்ன செய்கிறார்கள், முதல் ராத்திரி சென்ட்ரி (காவல்) நின்றபோது எதைப் பார்த்துப் பயந்தார், மலையாளத்துப் பையனிடம் என்ன சமையல் கற்றுக்கொண்டார். இப்படிக் கேட்டால் பேசுகிறார்கள். எங்கள் திரையிடலுக்கு வந்த ஓய்வுபெற்றவர்கள் எல்லோரும் இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் வாய் திறந்தார்கள்.

அம்மாவோடு பார்ப்பது பற்றி என் அபிப்பிராயம் தெளிவானது: அண்ணன் ஃபீல்டில் இருக்கும்வரை ரெஸ்ட்ரெப்போ, ஆர்மடில்லோ இரண்டையும் அம்மாவுக்குக் காட்டாதீர்கள். அடுத்த நாள் ஃபோன் வர அரை மணி நேரம் தாமதமானால் அந்தப் படம்தான் அவர் கண்ணில் ஓடும். அவர் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஜாக்சன் படத்தின் தொடக்கப் பகுதியைப் போடலாம், பையன்கள் ஆளெடுப்புக்குப் போவது, பொருந்தாத பூட்ஸ், முதல் பயிற்சி வரைக்கும். தாக்குதல் தொடங்கும் முன் நிறுத்திவிடுங்கள். நீங்கள் மட்டும் பார்ப்பதென்றால் ரெஸ்ட்ரெப்போவில் தொடங்கி, அப்புறம் ஆர்மடில்லோ, அதன் பிறகு ஹெல் அண்ட் பேக் அகெய்ன். கடைசியாகச் சொன்ன படம் 2011இல் டான்ஃபங் டென்னிஸ் எடுத்தது. ஹெல்மண்டில் இடுப்பில் குண்டடிபட்ட சார்ஜன்ட் ஒருவர் வட கரோலினாவில் வீட்டுக்குத் திரும்பிய பிறகு கடைக்குப் போவது, வலி மாத்திரை எண்ணுவது, மனைவியிடம் எரிந்துவிழுவது என்று போகும், நடுநடுவே களம் வந்து வெட்டும். லீவில் வந்த மனுஷன் ஏன் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் சுவரோரமாகவே உட்காருகிறார், வேட்டுச் சத்தத்துக்கு ஏன் முகம் மாறுகிறது என்பதற்கெல்லாம் அந்தப் படத்தில் பதில் கிடைக்கும். அண்ணனிடம் இந்த மாற்றம் ஒரு மாதம் தாண்டியும் போகவில்லை, தூக்கம் கெடுகிறது, குடி கூடுகிறது என்றால் படம் போதாது. ராணுவ மருத்துவமனையிலும், ஓய்வுபெற்றவர் என்றால் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். மூலமாகவும் மனநல மருத்துவரைப் பார்க்க வழி இருக்கிறது. அதைக் கூச்சப்படாமல் அண்ணனிடம் சொல்லுங்கள், அண்ணியிடமும் சொல்லிவையுங்கள்.